குளிரைப் பார்க்காதீர்கள், நிலத்தைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 70. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து மூன்று வருடமாகிறது. கோடையில் அப்பா தினமும் காலையில் பிளாசா வரை நடந்து போய், கோப்பிக் கடையில் நண்பர்களோடு இருந்து கதைத்துவிட்டு வருவார். நவம்பர் பிறந்தால் எல்லாம் நின்றுவிடும். போன பெப்ரவரியில் டிரைவேயில் சறுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியதோடு போய்விட்டது. அதற்குப் பிறகு ஸ்னோ கரையும் வரை வாசலைத் தாண்டவில்லை. ஏப்ரலில் பார்த்தால் மாடிப்படி ஏறுவதற்கே கைபிடியை இழுத்து இழுத்து ஏறுகிறார். அம்மாவுக்கு நீரிழிவும் முழங்கால் வலியும் உண்டு. "நடந்தால் முழங்கால் இன்னும் தேயும்" என்கிறார். நானும் கணவரும் பகலில் வேலைக்குப் போய்விடுவோம். ட்ரெட்மில் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா? வற்புறுத்தி வெளியே அனுப்புவதா, வீட்டிலேயே இருக்க விடுவதா?
— ஒரு வாசகி

பதில்: வணக்கம் சகோதரி.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்தது அந்த ஏப்ரல் மாத மாடிப்படியைப் பற்றிய வரியைத்தான். இந்த ஊரில் என்னைப் போலப் பிசியோவாக, உடற்பயிற்சியால் சிகிச்சை தருபவராக, வேலை செய்கிற எவருக்கும் அது நன்றாகப் பழகிய கதை. நவம்பரில் கையை வீசி நடந்த மனிதர், ஏப்ரலில் கதிரையில் இருந்து எழும்பவே கையை ஊன்றுவார். வீட்டில் "வயது போகுது, என்ன செய்யிறது" என்று சொல்லிவிடுவார்கள். ஐந்து மாதத்தில் வயது அவ்வளவு இறக்கத்தைக் கொண்டு வராது. கால்களுக்கு வேலை கொடுக்காமல் விட்டதால் வந்த இறக்கம் அது. 2007ல் அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வில், பெரிய நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் கட்டிலிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பத்து நாளில் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்துபோயிருந்தது. உங்கள் அப்பா கட்டிலில் கிடக்கவில்லை, வீட்டுக்குள் நடமாடினார் என்பது உண்மைதான். ஆனால் அவர் அடங்கி இருந்தது பத்து நாள் இல்லை, மாதக் கணக்கு.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விழுந்துவிடுவேன் என்று பயந்து உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு கிழமையும் கால் பலமும் சமநிலையும் குறைகின்றன. அப்புறம் கோயிலுக்கோ டொக்டரிடமோ போக என்று ஒரு நாள் வெளியே இறங்கும்போது, போன வருடத்தை விட எளிதாக விழக்கூடிய ஆளாக இறங்குகிறார். ஆகவே வீட்டிலேயே இருக்க விடாதீர்கள். அதற்காகப் பிடித்துத் தள்ளி ஐஸ் மேல் இறக்கவும் வேண்டாம். இன்றைக்கு வெளியே நடப்பதா உள்ளே நடப்பதா என்று பார்த்துத் தீர்மானிக்க அவர்கள் இருவரும் பழகட்டும். இடம் மாறலாம், நடை நிற்கக் கூடாது.

தீர்மானிப்பது எப்படி? நம்மவர்கள் காலையில் எழும்பியதும் போனில் வெப்பநிலையைப் பார்ப்பார்கள். மைனஸ் 12 என்று இருந்தால் "அம்மாடி" என்று போர்வைக்குள் போய்விடுவார்கள். ப்ளஸ் 1 என்று இருந்தால் "இன்றைக்குப் பரவாயில்லை" என்று சப்பாத்தை மாட்டுவார்கள். விழுகிற கணக்கு பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. சுழியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஐஸின் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கும், அதுதான் ஆகவும் வழுக்கும். பகலில் ஸ்னோ கரைந்து நடைபாதையில் தண்ணீராக ஓடி, பின்னேரம் நாலரை மணிக்கு வெயில் போனதும் திரும்ப உறைந்துவிடும். தார் ரோட்டில் அது ஈரம் போலத்தான் தெரியும், ஐஸ் என்று கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு ஐஸ் என்று சொல்வது இதைத்தான். ஸ்னோ தள்ளி, உப்புப் போட்டு, காய்ந்து கிடக்கிற நடைபாதையில் மைனஸ் 12 வெயில் நாளில் நடப்பது, மழைத் தூறலும் ஐஸுமாக இருக்கிற ப்ளஸ் 1 நாளில் நடப்பதை விட எவ்வளவோ பாதுகாப்பு. குளிருக்கு உடுப்புப் போடலாம். ஐஸுக்கு உடுப்பு இல்லை.

அதனால் அப்பாவிடம் ஒரு வேலையை ஒப்படையுங்கள். காலை பத்தரை போல முன் ஜன்னலால் நிலத்தைப் பார்க்கட்டும். படியும் டிரைவேயும் காய்ந்திருக்கிறதா, மினுங்குகிறதா? ரோட்டில் போகிறவர்கள் சாதாரணமாக நடக்கிறார்களா, கால் பார்த்துப் பார்த்து வைக்கிறார்களா? மினுங்கினால் இன்றைக்கு உள்ளே. காய்ந்திருந்தால் பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் ஒரு நடை. அந்த நேரத்துக்குள் ஸ்னோ தள்ளி முடிந்திருக்கும், உப்பும் வேலை செய்திருக்கும், வெளிச்சமும் இருக்கும். டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணித்தியாலம்தான். இருட்டில் நடக்கப் பழக்க வேண்டாம். பக்கத்துச் சின்னத் தெருக்களை விட, பஸ் ஓடுகிற பெரிய ரோட்டு நடைபாதைகளை நகரசபை முதலில் துப்புரவாக்கும். எனவே குளிர்காலப் பாதை கோடைகாலப் பாதையாக இருக்க வேண்டும் என்றில்லை. எங்காவது தள்ளாமல் விட்டிருந்தால் நகரசபையின் 311 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

குளிருக்கும் ஒரு எல்லை வைக்க வேண்டும்தான். கனடா சுற்றுச்சூழல் துறை, காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையலாம் என்று எச்சரிக்கிறது. எழுபது தாண்டியவர்களுக்கு நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். காற்றோடு மைனஸ் 20 என்றால் உள்ளே நடங்கள் என்பது என் கணக்கு. இதய வருத்தம், ஆஸ்துமா இருந்தால் மைனஸ் 10லேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது காலுக்கு வருவோம், ஏனென்றால் பணம் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். "வின்டர் பூட்ஸ்" என்று கடையில் எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். ரொறன்ரோ ரிஹாப் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் பூட்ஸ்களை உண்மையான ஐஸ் மேல் சோதிக்கிறார்கள். ஐஸ் தரை கொண்ட ஒரு அறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிப்பார்கள், எத்தனை பாகைச் சரிவில் கால் சறுக்குகிறது என்று பார்ப்பார்கள். 2016ல் அவர்கள் முதலில் வெளியிட்ட முடிவில், சோதித்த 98 வகைகளில் பத்தில் ஒன்று கூடத் தேறவில்லை. விலை கூடிய பெயர் பெற்ற பூட்ஸ்களும் அதில் இருந்தன. 7 பாகைச் சரிவில் நின்று பிடித்தால் ஒரு பனிப்பூ, 11க்கு இரண்டு, 15க்கு மூன்று என்று தரம் போட்டு, "ரேட் மை ட்ரெட்ஸ்" என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகப் பட்டியல் தருகிறார்கள். வாங்கும் முன் அதைப் பாருங்கள். ஆழமான வெட்டு உள்ள அடிப்பாகம் ஸ்னோவுக்கு நல்லது, ஆனால் வழுவழுப்பான ஐஸில் அது மட்டும் காணாது. ரப்பரோடு கண்ணாடி இழை போன்ற நுண்ணிய சொரசொரப்பு கலந்த அடிப்பாகம்தான் ஐஸில் பிடிக்கும். ஊரில் இருந்து கொண்டு வந்த தோல் சப்பாத்தை ஸ்னோவில் போடவே வேண்டாம்.

சப்பாத்துக்கு மேல் மாட்டுகிற இரும்பு முள் ரப்பர்கள், கிளீட்ஸ் என்று விற்பவை, ஐஸில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதே முள் மோல் வாசல் ரைல்ஸில் கால் வைத்ததும் சறுக்கும். குனிந்து கழற்றவும் மாட்டவும் முடிகிறவர்களுக்குத்தான் அது சரி. அப்பாவால் முடியும் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, அவருக்கு நல்ல பூட்ஸே போதும். அதோடு அம்மா சேலை கட்டுகிறவர் என்றால், கரை முள்ளில் கொழுவி இழுக்கும். வெளியே போகும்போது சேலையைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துக் கட்டிக் கீழே ஒரு தடித்த காற்சட்டை போடட்டும், அல்லது நடைக்கு மட்டும் காற்சட்டையும் நீளக் கோட்டும் என்று பழகட்டும். பொல்லு பிடிக்கிறவர் என்றால் அதன் நுனிக்கு மடக்கக்கூடிய ஐஸ் முள் பூட்டலாம். உள்ளே வந்ததும் மடக்க வேண்டும்.

நடக்கும் விதமும் மாற வேண்டும். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பென்குயின் நடை என்று சொல்லிக் கொடுப்பார்கள். பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களையே தாத்தாவுக்கு நடந்து காட்டச் சொல்லுங்கள். எட்டி எட்டி வைக்காமல் சின்ன அடி. குதியை முதலில் ஊன்றாமல் முழுப் பாதமும் ஒன்றாக நிலத்தில் படும்படி வைத்து, உடல் பாரத்தை முன்காலுக்கு மேல் கொண்டு வந்த பிறகே பின்காலை எடுப்பது. முழங்கால் கொஞ்சம் மடங்கி இருக்கட்டும், பாதம் சற்று வெளியே பார்க்கட்டும். மிக முக்கியம், கை பொக்கற்றுக்குள் இருக்கக் கூடாது. குளிருகிறது என்று கையை உள்ளே விட்டுக்கொண்டு நடப்பவர் சறுக்கினால் சமநிலைக்குக் கை உதவாது. நல்ல கையுறை வாங்குவது விழாமல் இருப்பதற்கும் உதவும் செலவு. ஜக்கெற்றின் பெரிய தொப்பியைத் தலை மேல் இழுத்துவிட்டால் பக்கவாட்டில் பார்வை மறையும், கழுத்துத் திரும்பாது. கம்பளித் தொப்பியும் கழுத்துச் சுற்றியும் போதும்.

விழுகைகள் நீண்ட நடையில் மட்டும் நடப்பதில்லை. காருக்கும் வாசலுக்கும் இடையிலான பத்து அடியிலும் நடக்கின்றன. காரில் இருந்து இறங்குவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அப்பா ஒரு காலை வெளியே நீட்டி, குதியை ஐஸில் ஊன்றி, மற்றக் கால் காருக்குள் இருக்கவே உடம்பைத் தூக்குவார். அந்த ஒரு காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக, இருக்கையிலேயே முழுதாகத் திரும்பி, இரண்டு பாதங்களையும் வெளியே வைத்து, பாதத்தை முன்பின் தேய்த்துப் பார்க்கட்டும். வழுக்கினால் நீங்கள் காரை இரண்டு அடி தள்ளி நிறுத்துங்கள். வழுக்காவிட்டால் கார்க் கதவுச் சட்டத்தையும் இருக்கையையும் பிடித்து எழும்பி, ஒரு மூச்சு நின்றுவிட்டு நடக்கட்டும். பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் படியைத் தாழ்த்தச் சொல்லிச் சாரதியிடம் கேட்கலாம், அதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கோயில் வாசலும் அப்படித்தான். தைப்பொங்கல் அன்று கூட்டம், சப்பாத்து வைக்கும் இடத்தில் எல்லோரும் காலோடு கொண்டு வந்த ஸ்னோ கரைந்து ரைல்ஸ் முழுக்க ஈரம். ஒற்றைக் காலில் நின்று பூட்ஸைக் கழற்றி, நைலோன் சொக்ஸோடு அந்த ஈரத்தில் இறங்குகிறார்கள். அதைப் போலப் பயமான நிமிடம் ரோட்டில் கூட இல்லை. அம்மா போகும்போது கதிரை ஒன்றில் இருந்தே கழற்றட்டும். கைப்பையில் ஒரு சோடி உலர்ந்த, அடியில் ரப்பர்ப் புள்ளி வைத்த சொக்ஸ் இருக்கட்டும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள், குளிரில் இருந்து உள்ளே நுழைந்ததும் கண்ணாடி புகைந்துவிடும். துடைத்துப் பார்வை தெளியும் வரை வாசலிலேயே நிற்க வேண்டும்.

இதயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குளிர் பட்டதும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், பிறஷர் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். எனவே வெளியே இறங்கும் முன் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கட்டும். போகும்போது எதிர்க்காற்றில் போய், வரும்போது காற்று முதுகில் படும்படி வரட்டும். வேர்த்துக் களைத்துத் திரும்பும்போது முகத்தில் குளிர்காற்று அடிக்காது. ஆனால் நடையை விட எனக்குப் பெரிய பயம் ஸ்னோ தள்ளுவதுதான். நீங்கள் வேலைக்குப் போனதும், "பிள்ளைகள் களைத்து வருவினம்" என்று தகப்பன்மார் மெதுவாகச் ஷவலை எடுத்துவிடுவார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள். ஈர ஸ்னோ பாரம், குளிர், மூச்சை அடக்கித் தூக்குவது மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் இதயத்துக்கு அது திடீரென்று வரும் பெரிய சுமை. ஷவலிங் நடைக்கு மாற்று இல்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காசு கொடுத்தாவது அந்த வேலையை அப்பாவிடமிருந்து எடுத்துவிடுங்கள். உப்புத் தூவுகிற வேலையை வேண்டுமானால் வாசற்படிக்குள் நின்றபடி செய்யட்டும். கடுங்குளிரில், மைனஸ் 10க்குக் கீழே, சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது. அன்றைக்கு மணல் போடுங்கள்.

அம்மாவுக்கு வருகிறேன். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் நடந்தால் இன்னும் தேயும் என்பது நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றிய எண்ணம். முழங்காலைச் சுற்றியுள்ள தசை பலமாக இருந்தால்தான் மூட்டுக்குப் போகும் சுமை குறையும். அசையாமல் வைத்திருந்தால் தசை மெலிந்து, விறைப்பும் வலியும் கூடும். அம்மா பயன்படுத்தக் கூடிய எளிய அளவு இது: நடக்கும்போது கொஞ்சம் வலி இருக்கலாம். அடுத்த நாள் அதே நேரத்துக்குள் வலி பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அந்த நடை சரியான அளவு. இறங்காமல் வீக்கமும் வந்தால், நிறுத்த வேண்டாம், பாதியாகக் குறைக்கட்டும்.

நீரிழிவு உள்ளவருக்குச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது இரத்தச் சீனி ஏறுவதைக் குறைக்கும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே, அடுப்படியில் இருந்து ஹோல் வழியாக வரவேற்பறை வரை சுற்றிச் சுற்றி நடந்தாலே போதும். இன்சுலின் அல்லது சீனியைச் சட்டென்று இறக்கும் மாத்திரை எடுக்கிறவர் என்றால் சீனி ஆக இறங்கினால் உடனே சாப்பிடப் பொக்கற்றில் நாலு டொபி இருக்க வேண்டும். இன்சுலினும் சீனி பார்க்கும் கருவியும் கடுங்குளிரில் பழுதாகும், அவற்றைக் கோட்டின் உட்பையில் வைக்க வேண்டும். அம்மாவின் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறதா என்று டொக்டரிடம் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். உணர்வு குறைந்த கால் குளிரையும் சொல்லாது, சூட்டையும் சொல்லாது. பூட்ஸுக்குள் கடித்த இடம் புண்ணாகும் வரை தெரியாது. நடந்து வந்து பாதத்தைச் சூடான காற்று வரும் ஹீற்றர் வென்ற் மேல் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள், சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும். இரவில் நீங்களோ அப்பாவோ அவருடைய உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் ஒரு தடவை பாருங்கள். இரண்டு சோடி சொக்ஸ் போட்டு இறுக்கமான பூட்ஸுக்குள் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும், எனவே பூட்ஸ் அரை அளவு பெரிதாக இருக்கட்டும்.

ட்ரெட்மில் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் முதல் தெரிவு அது இல்லை. ஏற்கெனவே விழப் பயந்தவருக்குக் காலுக்கு அடியில் நிலம் ஓடுவது பயத்தைக் கூட்டும். பகலில் வீட்டில் உதவிக்கு ஆளும் இல்லை. அதை விட, அப்பா இழந்தது நடையை மட்டுமா? கோப்பிக் கடையையும் நண்பர்களையும் சேர்த்துத்தான் இழந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு நடக்கிற இயந்திரம் அதைத் திருப்பித் தராது. அப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், இரு பக்கமும் நீளமான கைபிடியும், உடுப்பில் கொழுவுகிற நிறுத்தக் கயிறும் உள்ளதாகப் பாருங்கள். முதல் சில கிழமை நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும், மிக மெதுவாக.

அந்தக் காசை விடக் குறைந்த செலவில் மோல் இருக்கிறது. ஸ்காபரோ ரவுன் சென்ரர் போன்ற பெரிய மோல்களில் கடைகள் திறக்கும் முன்பே நடக்க வருகிறவர்களைப் பார்க்கலாம். எத்தனை மணிக்குக் கதவு திறக்கும் என்று போன் செய்து கேளுங்கள். சமமான தரை, வெளிச்சம், இருக்க வாங்கு, கழிவறை என்று வயதானவருக்குத் தேவையான எல்லாம் அங்கே இருக்கிறது. கழிவறை தூரம் என்ற ஒரே காரணத்தால் வெளியே போகாத முதியவர்கள் நிறையப் பேர், வெட்கத்தில் சொல்ல மாட்டார்கள். அப்பாவின் கோப்பி நண்பர்களில் கார் ஓடுகிற ஒருவரை நீங்களே அழைத்துப் பேசுங்கள்: "அங்கிள், இந்த வின்டரில் உங்கள் கோப்பியை மோலுக்கு மாற்றுவீர்களா? அரை மணித்தியாலம் நடந்துவிட்டுக் குடியுங்கள்." மகள் சொல்லிக் கேட்காதவர் சிநேகிதன் வாசலில் ஹோர்ன் அடித்தால் இறங்கி வருவார். நடைத் தடம் வேண்டுமென்றால் மோர்னிங்சைட்டில் உள்ள பான் ஆம் விளையாட்டு நிலையத்தில் உள்ளரங்கத் தடம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு நகரசபையின் வெல்கம் பொலிசி என்ற கட்டண உதவித் திட்டமும் உண்டு.

எவ்வளவு நடக்க வேண்டும்? 65 வயது தாண்டியவர்களுக்குக் கனடா வழிகாட்டி சொல்வது கிழமைக்கு 150 நிமிடம், கதைக்க முடியும் ஆனால் பாட முடியாத அளவு வேகம். அதோடு கிழமையில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி, சமநிலைக்கும் பயிற்சி. அந்த 150ஐ முதல் நாளே நினைக்க வேண்டாம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடமாக நாளுக்கு மூன்று தடவை தொடங்கி, கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டுங்கள்.

நடை மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சறுக்கும்போது உடம்பைப் பிடித்து நிறுத்துவது தொடைப் பலமும் சமநிலையும்தான். கை இல்லாத கதிரை ஒன்றைச் சுவரோடு சாய்த்து வைத்து, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு அரை நிமிடத்தில் எத்தனை தரம் முழுதாக எழும்பித் திரும்ப உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். உங்கள் அப்பாவின் வயதில் ஆண்களுக்கு 12க்குக் குறைந்தால், அம்மாவின் வயதில் பெண்களுக்கு 10க்குக் குறைந்தால், விழும் அபாயம் கூட என்று எடுத்துக்கொள்கிறோம். இந்தப் பரிசோதனையே பயிற்சியும்தான். தினமும் காலையும் பின்னேரமும் பத்துத் தரம் எழும்பி உட்காரட்டும், தமிழ் நாடகத்துக்கு இடையில் விளம்பரம் ஓடும்போது செய்யலாம். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி இறக்குவது, ஒரு காலின் குதி மற்றக் காலின் விரலைத் தொடும்படி வைத்துப் பத்து விநாடி நிற்பது, இவையும் தேத்தண்ணி கொதிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். வீட்டுக்குள் வெறும் சொக்ஸோடு மரத் தரையில் நடக்க விடாதீர்கள், குதி மூடிய செருப்புப் போடட்டும்.

அடுத்தது பேச்சு. "வெளியில போகாதேங்கோ, விழுந்திடுவியள்" என்று பாசத்தில் தினமும் சொல்கிற வீடுகள் உண்டு. அந்த வசனம் ஒரு மனிதரின் நம்பிக்கையைக் கரைத்துவிடும். அதைவிட ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பேரப்பிள்ளையைப் பள்ளி பஸ்ஸில் இருந்து கூட்டி வருவது, நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் மாற்றுவது, பிளாசாவில் கறிவேப்பிலை வாங்குவது. ஊரில் தன் சொல்லுக்கு மதிப்பிருந்த மனிதர் இங்கே பிள்ளையின் வீட்டில் ஒரு மூலையில் இருக்கும்போது, காரணத்தோடு போகிற நடைக்குத்தான் கிளம்புவார். "உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக் கிளப்ப முடியாது. இன்னும் ஒன்று: சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, எதிலும் விருப்பமில்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால் அதைச் சோம்பல் என்று எண்ண வேண்டாம். வெளிச்சம் குறைந்த மாதங்களில் மனச்சோர்வு வருவது உண்மை, அதற்கு மருத்துவம் உண்டு.

குளிர் முற்றும் முன் குடும்ப டொக்டரிடம் ஒரு நேரம் எடுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கல், எழும்பும்போது தலைச்சுற்று இருக்கிறதா என்று இருவரையும் வெளிப்படையாகச் சொல்ல வையுங்கள். பிறஷரை இருந்தும் நின்றும் பார்க்கச் சொல்லுங்கள், சில மாத்திரைகள் எழும்பியதும் பிறஷரை இறக்கி விழுத்தும். விற்றமின் டி பற்றியும் கேளுங்கள். இந்த அகலக்கோட்டில் நடுக் குளிர்கால வெயில் தோலில் விற்றமின் டி உண்டாக்கப் போதாது, நம் நிறத் தோலுக்கு இன்னும் கடினம். ஐம்பது வயது தாண்டியவர்கள் தினமும் 400 அலகு மாத்திரையாக எடுக்கும்படி ஹெல்த் கனடா சொல்கிறது. அவர்களுக்கு அதைவிடக் கூடத் தேவையா என்பது டொக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஓஹிப் அட்டை, அதாவது ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி அட்டை, இருந்தால், 65க்கு மேற்பட்டவர்களுக்கு டொக்டரின் கடிதத்தோடு அரசு செலவில் பிசியோ பார்க்கிற நிலையங்கள் உண்டு. விழாமல் இருக்கப் பழக்குகிற இலவச வகுப்புகளும் உண்டு. பக்கத்தில் எங்கே என்று சமூக சேவைகள் பற்றித் தகவல் தரும் 211ஐ அழைத்துக் கேட்கலாம், தமிழில் பேச வேண்டும் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். பெற்றோர் நீண்ட காலம் தங்குவதற்கான சூப்பர் விசாவில் வந்தவர்கள் என்றால் ஓஹிப் இருக்காது, காப்புறுதிப் பத்திரத்தில் பிசியோ அடங்குகிறதா என்று பாருங்கள்.

எல்லாம் செய்தும் ஒரு நாள் விழலாம். விழுந்தால் உடனே எழும்ப முயலாமல், மூச்சு நிதானமாகி, எங்கே நோகிறது என்று பார்த்த பிறகே அசைய வேண்டும் என்று இருவருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். இடுப்பு நோவோ கால் ஊன்ற முடியாமையோ இருந்தால் அசையாமல் அவசர உதவிக்கு 911ஐ அழைக்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் தலையை அடித்துக்கொண்டால், ஒன்றும் இல்லை போலத் தோன்றினாலும் அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். அதற்குப் போன் வேலை செய்ய வேண்டுமே, குளிரில் பற்றரி சட்டென்று இறங்கும். அப்பா அதைக் கோட்டின் வெளிப் பொக்கற்றில் வைக்காமல், சட்டைக்குப் பக்கத்தில் உள்ளே வைக்கட்டும். உங்கள் இலக்கத்தை ஒரே அழுத்தத்தில் அழைக்கும்படி அமைத்துக் கொடுத்து, கையுறையைக் கழற்றி ஒரு தடவை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.